கால் கடந்தால் விசா

சண்டைக்குக் கூப்பிட்ட ஆளே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? நான் சிரித்தேன். பாறசாலை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த மரமில்லின் முற்றத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வேடிக்கை பார்க்க வந்து நின்ற முப்பது பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு நினைவு போய்விட்டது.

எங்கள் குஸ்தியில் ஒரே சட்டம்தான். முதுகு மண்ணில் பட்டால் தோற்றாய். அதை மலத்தியடி என்போம். மலத்தியடித்தவன் அந்த நிமிஷமே பிடியை விட்டு எழும்பி, ஜனங்களைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும். அதற்குமேல் கீழே கிடக்கிறவனைத் தொட்டால் அது குஸ்தியல்ல, போக்கிரித்தனம். ஓணத்துக்கும் கோயில் உற்சவத்துக்கும் மணல் கொட்டிய கோதாவில் பத்து வருஷம் இந்தச் சட்டத்தோடு பிடித்தவன் நான். ஒருத்தன் தானாகவே மல்லாந்து படுத்தால், தோற்றுவிட்டான் என்பதைத் தவிர வேறென்ன நினைப்பது?

படுத்தவர் பக்கத்து ஊரான கொல்லயில்காரர். என்னைவிட ஆறு வயது மூப்பு. ஒரு காலத்தில் எங்களோடு கோதாவில் புரண்டவர்தான். பிறகு அபுதாபிக்குப் போய் ஒரு பெரிய அரபி வீட்டில் டிரைவராக இருந்தார். அபுதாபி அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். தொண்ணூறுகளின் கடைசியில் இரண்டு மாத லீவில் வந்தார். லீவில் வருகிற எல்லோரும் சென்ட்டும் டேப்ரிகார்டரும் கொண்டுவருவார்கள். இவர் கான்வாஸ் துணி போலத் தடித்த இரண்டு வெள்ளைக் கோட்டும் ஒரு வீடியோ கேசட்டும் கொண்டுவந்தார். கூடவே ஒரு விசாப் பேச்சும் வந்தது.

விஷயம் இதுதான். அவருடைய அரபியின் மகன் பிரேசில்காரர்களின் ஜியு ஜிட்சு மல்யுத்தம் படிக்கிறான். வீட்டிலேயே அதற்கு ஒரு ஹால், பிரேசிலிலிருந்து ஒரு வாத்தியார். பயிற்சிக்கு ஆள் போதாமல் டிரைவரையும் மெத்தையில் இறக்கிவிட, இவரும் நாலு வருஷத்தில் வித்தையைப் படித்துவிட்டார். இப்போது எழுபது கிலோவில், மல்லுப்பிடி தெரிந்த இன்னொரு ஆள் வேண்டுமாம். சம்பளம், சாப்பாடு, ஏசி வைத்த அறை. விசாவுக்கு ஏஜெண்டு வேண்டாம், காசு வேண்டாம்.

"லீவு முடியுததுக்குள்ள என் காலத் தாண்டி எவன் வாறானோ, அவனுக்காக்கும் விசா" என்றார்.

எனக்கு அந்த விசா வேண்டும். சும்மா வேண்டும் என்றால் போதாது, பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டும். நான் அந்த மில்லில் மரத்தடி தூக்குகிறவன். ஆஞ்சிலியும் பலாவும் ரப்பரும் லாரியிலிருந்து என் தோளுக்கு வந்து, தோளிலிருந்து அறுப்பு வாளுக்குப் போகும். முப்பது வயதில் அந்தத் தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மனைவி ஆறு மாதம். அவளுடைய ஆங்ஙளமார், அதாவது என் மச்சினன்மார், இரண்டு பேரும் கல்ஃபில். அவர்கள் வீட்டுப் பெண்கள் கோயிலுக்கு வந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, இவள் பழைய சேலையின் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு முன்னால் நடப்பாள். வாய்திறந்து என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன்.

அன்றைக்கு அறுப்புத்தூளைப் பரப்பி மேலே லாரித் தார்ப்பாய் விரித்திருந்தோம். ஒரு வெள்ளைக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டு, அபுதாபி அண்ணன் எதிரே படுத்து, இரண்டு காலையும் விரித்து, வா என்று விரலை அசைத்தார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் அவர் காலுக்குள் முழு ஆளாகவே இறங்கினேன். கால்கள் என் இடுப்பைச் சுற்றிப் பின்னால் பூட்டிக்கொண்டன. தீர்ப்புச் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று நான் ஜனங்களைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவருடைய கைகள் குறுக்கே வந்து என் கோட்டுக் காலரை உள்ளே ஆழமாகப் பிடித்து முறுக்கின. மணிக்கட்டு எலும்பு கழுத்தின் இரண்டு பக்கமும் அமுங்கியது. வலி பெரிதாக இல்லை. மில்லின் ஓட்டுக்கூரை ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது.

கண் திறந்தபோது முகமெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் அறுப்புத்தூள். எங்கே கிடக்கிறேன் என்று தெரிவதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய வாயில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். உதடு கிழிந்து ரத்தம் என் கோட்டில் சொட்டியது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. என் கையைப் பிடித்து இழுத்து, மறுபடி காலுக்குள் போட்டு, மறுபடி முறுக்கினார். இரண்டாம் தடவை கண் திறந்தபோது பேசாமல் கிடந்தேன்.

அதற்குப் பிறகுதான் தட்டுகிற சமாசாரத்தைச் சொன்னார். கழுத்து முட்டினாலோ மூட்டு கழலப்போனாலோ, கையால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். எதிராளி உடனே விடுவான். தட்டுவதில் வெட்கமில்லை, பிரேசில்காரன் எல்லோரும் தட்டுவான் என்றார். எனக்கு அது ஏறவில்லை. எங்கள் குஸ்தியில் தோற்பவன் மண்ணைத் தொடுவான், அவ்வளவுதான். 'விட்டுரு' என்று எதிராளியிடம் கெஞ்ச மாட்டான். இரண்டு தட்டு என்றால் எனக்கு அது காலில் விழுந்த மாதிரி.

முதல் வாரம் ஏழு பேர் வந்தார்கள். ஒருவனுக்குத் தோள் இறங்கியது. ஒருவன் பல்லைத் துப்பினான். ஒருவனை அவன் அம்மா வந்து காதைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மூன்றாம் வாரம் மிஞ்சியது இரண்டு பேர், நானும் ஒரு நெய்யாற்றின்கரைக்காரனும். அவன் சந்தையில் மீன் ஏலம் கூவுகிறவன். பாம்பு மாதிரி நெளிவான், நல்ல வேகம். ஆனால் காலரில் கை பட்ட உடனேயே தட்டிவிடுவான். தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே எழும்பி மறுபடி இறங்குவான். சவம், இவனெல்லாம் ஒரு மல்லனா என்று எனக்கு அவனைக் கண்டாலே அருவருப்பு.

மத்தியானங்களில் அபுதாபி அண்ணன் வீட்டில் கேசட் போடுவார். போட்டியில் இரண்டு பிரேசில்காரர்கள். கீழே கிடக்கிறவன் தன் கால்களை வேலியாக்கிக்கொண்டு கிடப்பான். அதற்குப் பேர் கார்டு. மேலே இருக்கிறவன் அந்த வேலியைக் கடந்து, பக்கவாட்டில் வந்து, நெஞ்சின்மேல் நெஞ்சைப் போட்டுப் படுக்க வேண்டும். அதற்கு மூன்று பாயிண்டு. கேட்க எளிது. ஒருவன் எதிராளியின் பேண்டை முழங்காலில் பிடித்து, கால்களை ஒரு பக்கமாக வீசிவிட்டு மறுபக்கம் ஓடுவான். ஒருவன் தொடைகளுக்கு நடுவே முழங்காலைச் செருகி அறுத்துக்கொண்டு போவான். ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். அந்த ஆட்கள் கை ஊன்றுகிற இடம், தலை வைக்கிற பக்கம், எல்லாம் எனக்கு மனப்பாடம்.

மனப்பாடம் இருந்து என்ன? அபுதாபி அண்ணனின் காலை வீசினேன், வீசிய கால் திரும்பி வந்து என் காதில் இறங்கியது. காது வீங்கி ரத்தம் கட்டி, பிறகு அது கல்லாகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பக்கம் வைத்துப் படுக்க முடியாது. முழங்காலைச் செருகினேன், அவர் என் தலையைப் பிடித்து இழுத்து, ஒரு காலைக் கழுத்தின் மேலும் மற்றதை அதன் மேலும் பூட்டி, என்னுடைய கையாலேயே என் கழுத்தை நெரித்தார். சுண்டுவிரல் கோட்டுத் துணியில் மாட்டிப் பின்பக்கம் மடங்கியது. விலாவில் ஒன்று பிளந்து, தும்மினால் கண்ணில் தண்ணீர் வரும். ஒவ்வொரு தடவையும் 'தட்டுலே' என்பார். தட்ட மாட்டேன். நினைவு போகும், அல்லது அவராகவே விடுவார். விடுகிறபோது என் முகத்தை ஒரு மாதிரி உற்றுப் பார்ப்பார். அது மரியாதை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் இன்னொரு கூத்து. காலர் முறுக்கிய தழும்பு என் கழுத்தைச் சுற்றிச் சிவந்து கிடந்தது. மில்லில் தடி உரசிவிட்டது என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அது ரப்பர் விலை சரிந்த காலம். ஒற்றசேகரமங்கலத்தில் அவளுக்குச் சித்தப்பா முறையான ஒருவர் அந்த மழைக்காலத்தில்தான் ரப்பர் மரத்தில் கயிறு போட்டுத் தூங்கிச் செத்திருந்தார். ஒருநாள் காலையில் குளிக்கப் போனால் கிணற்றில் வாளி இருக்கிறது, கயிறு இல்லை. பசுவைக் கட்டுகிற கயிறும் இல்லை, பசு முற்றத்தில் சும்மா அலைகிறது. திருடன் கயிற்றையா திருடுவான் என்று கத்தினேன். அவள் சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எல்லாக் கயிற்றையும் அரிசிப் பானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"என்ன குறை வெச்சேன் நான்? பிள்ளை முகத்தப் பாத்துட்டாவது..." என்று தொடங்கி, பானை மூடியை இன்னும் இறுக்கி மூடினாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஓங்கி அறையவும் தோன்றியது. உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். விசா என்றதும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் கழுத்தையும் காதையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இனிமேல் போகவேண்டாம் என்றாள். எட்டீ, உன் ஆங்ஙளமார் முன்னால் நானும் ஒரு மனுஷனாக நிற்க வேண்டாமா என்று எரிந்து விழுந்தேன். அவள் எழும்பிப் போய் அரிசிப் பானையைத் திறந்தாள். கயிற்றைக் கொண்டுவந்து கிணற்றில் கட்டினாள்.

காலைக் கடக்கும் வழி எனக்குக் கேசட்டிலிருந்து கிடைக்கவில்லை, மில்லில் கிடைத்தது. ஒரு நாள் பலாத்தடி ஒன்றைத் தூக்கும்போதுதான் புத்தியில் பட்டது. தடி தூக்குகிறவன் தடியைச் சுற்றி ஓடமாட்டான். அடியில் தோளைக் கொடுத்து, தலையை ஒட்டிவைத்து, நெஞ்சோடு எழுப்புவான். எதற்கு நான் பிரேசில்காரன் மாதிரி வலமும் இடமும் துள்ளுகிறேன்? இந்த இறங்கிப்போன தோள் பின்னே எதற்கு இருக்கிறது? மறுநாளிலிருந்து தனியாக, அபுதாபி அண்ணனுக்குக் காட்டாமல், ரப்பர்த் தடிகளின் அடியில் தோளைக் கொடுத்து முழங்காலில் நின்று தள்ளிப் பழகினேன்.

லீவின் கடைசி ஞாயிறு வந்தது. மில் முற்றத்தில் நூறு பேருக்குக் குறையாது. மரக்குவியலின் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நெய்யாற்றின்கரைக்காரன் முதலில் இறங்கினான். மூன்று தடவை பிடித்தான், மூன்று தடவையும் தட்டினான். கடைசித் தடவை எழும்பிவந்து என் தோளில் கைவைத்து, "மக்கா, கை எல்லு ஒடியுத காரியத்துக்கு நான் இல்ல. நீயும் பாத்துப் பிடி" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினான். நான் அவனைப் பார்க்கவேயில்லை.

அபுதாபி அண்ணன் படுத்தார். நான் மண்டியிட்டேன். கால்கள் வழக்கம்போல் இடுப்பைப் பூட்டின. முதுகை நிமிர்த்தி, அவருடைய இடுப்பெலும்பில் இரண்டு கையையும் ஊன்றி, முழங்காலை அவர் புட்டத்துக்கடியில் கொடுத்து, பின்னால் நெம்பினேன். பூட்டு விட்டது. அவர் காலைத் திரும்பச் சேர்ப்பதற்குள் என் கைகள் இரண்டு தொடைக்கும் அடியில் நுழைந்துவிட்டன. பிறகு குஸ்தியுமில்லை, ஜியு ஜிட்சுவுமில்லை. தடி தூக்கினேன்.

இரண்டு தொடையும் என் தோள்மேல் வந்தன. அவர் இடுப்பு தார்ப்பாயை விட்டு எழும்பியது. நான் கால் விரலை ஊன்றி முன்னால் நடந்தேன். அவருடைய முழங்கால்கள் அவருடைய முகத்துக்கே வந்தன. எடையெல்லாம் அவர் பிடரியில் இறங்கியது. அவர் காலரைத் தேடினார், என் முகத்தைத் தள்ளினார், கட்டைவிரல் என் கண்ணுக்குள் போனது. நான் நெஞ்சைப் போட்டு இன்னும் அமுக்கினேன். அவருடைய முழங்கால் அவருடைய மூக்கின்மேல் விழுந்து, மூக்கு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. ரத்தம் வாய்க்குள் போய் அவர் கொப்பளித்தார். ஒளிப்பானேன், எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு மாதத்துக் கழுத்தும் காதும் விலாவும் சேர்ந்து தள்ளின. கால்கள் ஒரு பக்கமாகச் சரிந்தன. நான் மறுபக்கமாக வழுக்கி இறங்கி, அவர் நெஞ்சின்மேல் என் நெஞ்சைப் போட்டேன். இரண்டு தோள்பட்டையும் தார்ப்பாயில் ஒட்டிக் கிடந்தன. கடந்துவிட்டேன்.

மரக்குவியலின் மேலிருந்து ஜனம் முழுக்க மலத்தியாச்சு, மலத்தியாச்சு என்று கூவியது. பத்து வருஷத்துப் பழக்கம் என்ன செய்யும்? பிடியை விட்டேன். எழும்புவதற்காக இடது கையை அவர் நெஞ்சில் ஊன்றி, வலது கையை ஜனங்களைப் பார்த்துத் தூக்கினேன். வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டான்.

ஊன்றிய கையை அவர் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். இடுப்பைத் திருப்பி, ஒரு காலை என் முகத்துக்குக் குறுக்கே போட்டு, என்னைப் புரட்டினார். என் இடது கை அவர் தொடைகளுக்கு நடுவே நேராக நீண்டது. முழங்கைக்கு அடியில் அவர் இடுப்பு. ரத்தம் நிறைந்த வாயோடு 'தட்டு' என்றார். நான் பல்லைக் கடித்தேன். இடுப்பைக் கொஞ்சம் தூக்கினார். நூறு பேர் பார்க்கிறார்கள், கடந்தது நான், ஜெயித்தது நான், எதற்குத் தட்டுவேன்? மறுபடி 'தட்டுலே' என்றார். பச்சை முருங்கைக்கொம்பு ஒடிவதுபோல் ஒரு சத்தம். முழங்கை மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. அப்போதும் என் வலது கை தார்ப்பாயில் அசையாமல் கிடந்தது. அவராகத்தான் விட்டார்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் மூட்டைத் திருப்பி உட்காரவைத்தார்கள். கட்டுப்போட்டு, மூன்று மாதம் கை அசையக்கூடாது என்றார்கள். என்னை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனது அந்த மீன்காரன்தான். விசா போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு கையோடு மில்லிலும் வேலையில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன். மனைவி சோறு பிசைந்து கொடுத்தபோது தட்டைத் தள்ளிவிட்டேன். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி நான். கடந்துவிட்டேன், கடந்துவிட்டேன் என்றே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அபுதாபி அண்ணன் வந்தார். மூக்கில் பிளாஸ்திரி, இரண்டு கண்ணுக்கடியிலும் நீலம். நாற்காலியில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் கவரிலிருந்து காகிதங்களை எடுத்துக் கட்டிலில் வைத்தார். என் பாஸ்போர்ட்டின் காப்பி வேண்டும், கை கூடினதும் புறப்படலாம் என்றார். மனைவி சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலோரம் நின்றாள்.

எனக்கு விளங்கவில்லை. காலைக் கடந்தது சரி, ஆனால் கடைசியில் கை போனது எனக்கல்லவா என்றேன்.

"கடந்ததும் தோத்ததும் ஒண்ணும் காரியமில்ல, மக்கா. எல்லு ஒடிஞ்சப்பவும் நீ தட்டல்ல பாத்தியா. அதாக்கும் அங்க வேண்டியது."

பிறகு ஒளிக்காமல் சொன்னார். அரபியின் மகனுக்குப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். வாத்தியார் சொல்லிக்கொடுப்பதை அவன் பாதியில் நிறுத்தாமல், முழுசாக, ஒரு உடம்பின்மேல் செய்து பார்க்க வேண்டும். கீழே கிடக்கிறவன் சீக்கிரம் தட்டினால் அவனுக்கு வெறி பிடிக்கும். அப்படித் தட்டிய இரண்டு பேரை மாதம் முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிட்டான். இவர் தாங்கினார், நாலு வருஷம். வலது கையை எனக்கு நேரே நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினார். இரண்டு விரல் மடங்கவில்லை. இனி முடியாது என்று சொன்னபோது, பதிலுக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்தால் பழையபடி வண்டி மட்டும் ஓட்டலாம் என்றானாம். காலைக் கடக்கிற பந்தயம் எங்களை மெத்தைக்கு இழுக்கத்தான். அவர் பார்த்துக்கொண்டிருந்தது தட்டாத கையை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டிய இடம் அது. சாயா கிளாசை அவர் மண்டையில் எறிந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. விசா எனக்குத்தான்! அலமாரிப் பெட்டியில் பாஸ்போர்ட் இருக்கிறது, எடுத்துவா என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் அசையவில்லை. அவரைப் பார்த்து, "அங்க போய் இவரு தட்டினா?" என்று கேட்டாள்.

"தட்டினா திருப்பி அனுப்பிருவாங்க, தங்கச்சி."

அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். கட்டுப்போட்ட என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். ஒரு கையால் முழங்கைக்கு மேலே பிடித்தாள், மறு கையால் மணிக்கட்டைப் பிடித்தாள், மெதுவாக விரிக்கத் தொடங்கினாள். கட்டுக்குள் மூட்டு நகர்ந்தது. உச்சந்தலை வரை ஒரு வெட்டு. எட்டீ, விடு என்றேன். விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு இன்னும் விரித்தாள். அவள் கண்ணில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயம். அவரையே தாங்கினேன், இவள் யார் என்று பல்லைக் கடித்தேன். எட்டு மாதக்காரியைத் தள்ளவும் முடியாது. அவள் தன் முழு பாரத்தையும் அந்தக் கையில் போட்டு அழுத்தினாள்.

என் வலது கை எழும்பிக் கட்டில் சட்டத்தில் தட்டியது. ஒன்று. இரண்டு. அவள் விட்டாள்.

"பாத்தீங்களா அண்ணா, இவரும் தட்டுவாரு" என்றாள். "வேற ஆளப் பாருங்க."

அபுதாபி அண்ணன் நாற்காலியை விட்டு எழும்பினார். காகிதங்களைக் கவருக்குள் திருப்பி வைத்தார். சாயா குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப்போனார். நான் அவளைப் பேசிய பேச்சை எழுத முடியாது. அவளையும் பேசினேன், அவள் குடும்பத்தையும் பேசினேன், பிறக்காத பிள்ளையையும் சேர்த்துப் பேசினேன். அவள் கழன்றுபோன கட்டை மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். துணி வழுக்கி வழுக்கி அவளுக்கு முடிச்சு விழவில்லை. நான் வைதுகொண்டே, வலது கையால் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தேன்.